வாங்கும்போது நிதானம், ஏமாந்தால் வேகம்

(பண்டிகைக் கால இணைய வணிக மோசடிகள் குறித்து ஓசூர் பகுதித் தொழிலாளர்களிடையே ஆற்றிய விழிப்புணர்வு உரையின் எழுத்து வடிவம்)



ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைத்து, பொரிகடலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனதுமே நம்ம ஊரில் அடுத்த பேச்சு ஒன்றுதான்: "போனஸ் எப்போ போடுவாங்க?" ஓசூர் சிப்காட், சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி என எங்கே வேலை செய்தாலும் இதே பேச்சுதான். அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் தினமும் வண்டியில் போய் வருகிறவர்களும் இதற்கு விலக்கில்லை. மாதச் சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடும். வருஷத்தில் ஒரு தடவை மொத்தமாகக் கையில் நிற்கிற பணம் போனஸ்தான். அந்தப் பணம் வருவதற்கு முன்பே ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் புடவை, பிள்ளைக்குச் செல்போன், வீட்டுக்கு வாஷிங் மெஷின் என்று அதற்குக் கணக்கு எழுதியாகிவிடும்.

அந்தப் பணம் எந்த மாசம் வரும் என்பது நமக்குத் தெரிகிற மாதிரியே மோசடிக்காரர்களுக்கும் தெரியும். பெரிய இணைய வணிக நிறுவனங்கள் 2014-இல் இருந்தே நவராத்திரி, தீபாவளியை ஒட்டித் தள்ளுபடி விற்பனை நடத்துகின்றன. அந்த நாட்களில் உங்கள் போனுக்கு உண்மையான விளம்பரமே நூறு வரும். அந்தக் கூட்டத்துக்குள் பொய்யானது நாலு புகுந்துவிட்டால் கண்டுபிடிப்பது கஷ்டம். திருவிழாக் கூட்டத்தில்தானே பிக்பாக்கெட் அதிகம்!

இணையத்தில் வாங்கவே வாங்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நானும் வாங்குகிறேன், நீங்களும் வாங்கலாம். எங்கே வழுக்கும் என்று தெரிந்துகொண்டு கால் வைத்தால் போதும்.

பட்டாசில் தொடங்குவோம்

நம்ம பகுதிக்கும் பட்டாசுக்கும் உள்ள தொடர்பை நான் சொல்ல வேண்டியதில்லை. தீபாவளி வந்தால் பெங்களூருவில் இருந்து கார் கார்களாக ஓசூர், அத்திப்பள்ளிப் பக்கம் பட்டாசு வாங்க வருவார்கள். அதே சமயத்தில் யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் "சிவகாசி நேரடி விலை, 80 சதவீதம் தள்ளுபடி" என்று விளம்பரம் ஓடும். தொட்டால் வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் வரும். அழகான இணையதளமும் இருக்கும். ஆயிரமோ மூவாயிரமோ கட்டச் சொல்வார்கள். கட்டின மறுநாள் போன் எடுக்க மாட்டார்கள். நாலாம் நாள் இணையதளமே இருக்காது.

2024 தீபாவளிக்கு முன்பு தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிக் குற்றப் பிரிவு இந்த மோசடியைப் பற்றித் தனியாகவே எச்சரிக்கை வெளியிட்டது. அந்த ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மட்டும் இது தொடர்பாக 17 புகார்கள் பதிவானதாகவும் சொன்னது. "வெறும் 17தானா?" என்று நினைக்காதீர்கள். ஆயிரம் ரூபாய் போனதற்கு ஸ்டேஷன் படி ஏறுவானேன் என்று இருந்துவிடுகிறவர்கள் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள்.

இதில் நிறையப் பேருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. இணைய வணிகத் தளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் வாங்கவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று உத்தரவிட்டது. ஆகவே பட்டாசு விஷயத்தில் உண்மையா, போலியா என்று ஆராய்ந்துகொண்டிருக்கவே வேண்டாம். ஆன்லைனில் பட்டாசு என்றாலே தள்ளிவிடுங்கள். பணத்தை மட்டும் நினைத்து இதைச் சொல்லவில்லை. 2023 அக்டோபர் 7 அன்று அத்திப்பள்ளிப் பட்டாசுக் கிடங்கில் நடந்த தீவிபத்தை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க முடியாது. இறந்தவர்களில் பலர் விடுமுறையில் வேலைக்குப் போன நம்ம தமிழ்நாட்டுப் பிள்ளைகள். வெடிமருந்து பார்சலில் போகிற பொருள் இல்லை. உரிமம் பெற்ற கடையில் நேரில் போய் வாங்குங்கள்.

கடை இருக்கிறதா, போர்டு மட்டும்தானா?

மற்ற பொருள்களுக்கு வருவோம். இருபதாயிரம் ரூபாய் செல்போனை இரண்டாயிரத்துக்குத் தருகிறேன் என்று ஒருவர் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நின்று கூவினால் நாம் வாங்குவோமா? "திருட்டு போனா இருக்கும்ப்பா" என்று நடந்துவிடுவோம். அதே வார்த்தை போன் திரையில் வந்தால் மட்டும் ஏனோ நம்பத் தோன்றுகிறது.

வந்த லிங்க்கை அப்படியே தொடாமல், முதலில் அதன் முகவரியைப் படியுங்கள். முகவரியில் வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால், 'டாட் காம்' அல்லது 'டாட் இன்' என்று முடிகிறது பாருங்கள், அதற்கு ஒட்டி முன்னால் இருக்கும் பெயர்தான் உண்மையான உரிமையாளர். பிரபல நிறுவனத்தின் பெயர் முகவரியின் தொடக்கத்தில் இருந்து, கடைசியில் வேறு ஏதோ 'தீபாவளி ஆஃபர்' என்று முடிந்தால் அது அந்த நிறுவனத்தின் தளம் இல்லை. பூட்டுப் படம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். நீங்கள் அனுப்பும் தகவலை வழியில் வேறு யாரும் படிக்க முடியாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு. மறுமுனையில் இருப்பவர் யோக்கியரா என்று அது சொல்லாது. திருடனும் தன் வீட்டுக்குப் பூட்டு போடுவான் இல்லையா?

இதைவிடச் சுலபமான வழியும் உண்டு. எந்த ஆஃபர் வந்தாலும் லிங்க்கை விட்டுவிடுங்கள். உங்கள் போனில் ஏற்கெனவே இருக்கும் அந்த நிறுவனத்தின் செயலியைத் திறந்து, அதே பொருளைத் தேடுங்கள். ஆஃபர் உண்மையானால் அங்கேயும் இருக்கும். அங்கே இல்லையென்றால் எங்கேயும் இல்லை.

புதுக் கடை, இன்ஸ்டாகிராம் கடை என்றால்? எல்லோருமே மோசடிக்காரர்கள் அல்ல. வீட்டில் இருந்தபடியே புடவை விற்கும் பெண்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகளின்படி, இணையத்தில் வியாபாரம் செய்யும் நிறுவனம் தன் சட்டப்பூர்வப் பெயர், அலுவலக முகவரி, தொடர்பு எண், குறைதீர் அலுவலரின் விவரம் ஆகியவற்றைத் தெளிவாகக் காட்ட வேண்டும். முகவரியே போடாமல் ஒரு வாட்ஸ்அப் எண் மட்டும் கொடுத்து, "முழுப் பணமும் முன்னாடியே கட்டுங்க, கேஷ் ஆன் டெலிவரி கிடையாது" என்று சொன்னால் அங்கேயே நின்றுவிடுங்கள். பணம் கட்டும்போது கடைப் பெயருக்குப் பதிலாகச் சம்பந்தமில்லாத ஒரு தனி ஆளின் பெயர் திரையில் வந்தாலும் பின் நம்பரைப் போடாதீர்கள்.

"இன்னும் 2 நிமிஷம்தான்", "ஒரே ஒரு பீஸ்தான் பாக்கி" என்று கடிகாரம் ஓடும், பார்த்திருப்பீர்கள். பொய்யான அவசரத்தை உண்டாக்குவதை நேர்மையற்ற வணிக முறை என்று மத்திய அரசு 2023 நவம்பர் 30-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. கேட்காமலே கூடையில் ஒரு பொருளைச் சேர்ப்பது, கடைசித் திரையில் புதுக் கட்டணம் காட்டுவது எனத் தடை செய்யப்பட்டவை மொத்தம் 13. கடிகாரம் ஓடினால் நீங்கள் ஓடாதீர்கள். போனை வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். பல நேரம் அந்த 2 நிமிஷம் அப்படியேதான் இருக்கும்.

ஆர்டர் போட்ட பிறகு வரும் ஆபத்து

நல்ல தளத்தில்தான் வாங்கினேன், இனி பயமில்லை என்று நினைக்கும்போதுதான் இரண்டாவது வலை விழுகிறது. "உங்கள் பார்சல் வந்துவிட்டது, முகவரி முழுமையாக இல்லை, 12 மணி நேரத்துக்குள் இந்த லிங்க்கில் திருத்தவும்" என்று குறுஞ்செய்தி வரும். இந்திய அஞ்சல் துறையின் பெயரிலேயே இப்படிப்பட்ட போலிச் செய்திகள் பரவி, அது பொய் என்று மத்திய அரசின் தகவல் சரிபார்ப்புப் பிரிவு அறிவிக்க வேண்டி வந்தது. லிங்க்கைத் திறந்தால் ஐந்து ரூபாய் கட்டணம் கேட்கும். "அட, அஞ்சு ரூபாதானே" என்று கார்டு எண்ணைப் போடுவோம். அவர்களுக்கு வேண்டியது அந்த ஐந்து ரூபாய் இல்லை, கார்டு எண்ணும் ஓடிபியும்தான்.

குறுஞ்செய்தி யாரிடம் இருந்து வந்தது என்று பாருங்கள். வங்கிகளும் நிறுவனங்களும் அனுப்பும் செய்தியில் பத்து இலக்கச் செல்போன் எண் இருக்காது. எழுத்துகளால் ஆன நிறுவனக் குறியீடு இருக்கும். 2025 முதல் அந்தக் குறியீட்டின் கடைசியில் ஒரு கோடு போட்டு ஆங்கில எழுத்து ஒன்றும் வருகிறது. 'பி' என்றால் விளம்பரம், 'எஸ்' என்றால் சேவை, 'டி' என்றால் பணப் பரிவர்த்தனை, 'ஜி' என்றால் அரசு. சாதாரணச் செல்போன் எண்ணில் இருந்து "கூரியர் ஆபீஸ்" என்று செய்தி வந்தால் சந்தேகப்படுங்கள்.

பொருள் சரியில்லை என்றால் உடனே கூகுளில் கஸ்டமர் கேர் எண் தேடுவோம். அங்கே மோசடிக்காரர்கள் தங்கள் எண்ணைப் போட்டு வைத்திருப்பார்கள். தமிழிலேயே மரியாதையாகப் பேசுவார்கள். "ரீஃபண்ட் போடணும் சார், இந்த ஆப்பை மட்டும் டவுன்லோடு பண்ணுங்க" என்பார்கள். அது உங்கள் திரையை அவர்கள் பார்ப்பதற்கான செயலி. அதற்குப் பிறகு நீங்கள் தட்டுவதெல்லாம் அவர்கள் கண்ணில் படும். புகார் செய்ய வேண்டுமானால் நீங்கள் வாங்கிய செயலிக்குள்ளேயே 'உதவி' என்ற பகுதி இருக்கும், அதன் வழியாக மட்டுமே போங்கள். வாட்ஸ்அப்பில் "தீபாவளி கிஃப்ட்" என்று ஏபிகே கோப்பு வந்தால், அனுப்பியது சொந்த மச்சானாகவே இருந்தாலும் திறக்காதீர்கள். அவர் போன் அவர் கையில் இல்லாமல் போயிருக்கலாம்.

"டெலிவரி பாய் பேசறேன், ஸ்டார் 401 போட்டு இந்த நம்பரை டயல் பண்ணுங்க" என்று ஒருவர் சொன்னாலும் செய்யாதீர்கள். உங்களுக்கு வரும் அழைப்புகளை அவர் எண்ணுக்குத் திருப்பிவிடும் வேலை அது. தெரியாமல் செய்துவிட்டீர்களா? ##002# என்று டயல் செய்தால் திருப்பிவிடப்பட்ட அழைப்புகள் எல்லாம் ரத்தாகிவிடும்.

ஓடிபி விஷயத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது. "யாருக்கும் சொல்லாதே" என்கிறார்கள், ஆனால் பார்சல் கொண்டுவரும் தம்பி ஓடிபி கேட்கிறாரே? உண்மைதான், சில பார்சலுக்கு டெலிவரி ஓடிபி உண்டு. செய்தியை முழுதாகப் படியுங்கள், அது எதற்கான ஓடிபி என்று அதிலேயே எழுதியிருக்கும். பார்சல் கைக்கு வந்த பிறகுதான் எண்ணைச் சொல்ல வேண்டும். "ஆர்டரை கேன்சல் பண்ணணும், ஓடிபி சொல்லுங்க" என்று போனில் கேட்டால் சொல்லவே கூடாது.

ஹாஸ்டலிலும் லைன் வீடுகளிலும் ஷிப்ட் மாறி மாறிப் போகிறோம். பக்கத்து அறைப் பெண் பெயருக்குப் பார்சல் வந்தால், உதவி என்று நாமே பணம் கட்டி வாங்கி வைப்போம். பிரித்தால் பழைய துணி இருக்கும், அந்தப் பெண்ணோ "நான் எதுவும் ஆர்டர் பண்ணலையே" என்பாள். ஆகவே ஒரு போன் போட்டுக் கேட்காமல் யார் பார்சலுக்கும் பணம் கட்டாதீர்கள். விலை உயர்ந்த பொருளைப் பிரிக்கும்போது, முகவரிச் சீட்டு தெரியும்படி தொடக்கத்தில் இருந்தே வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதுதான் சாட்சி.

பழையதை விற்கும்போதும், கணக்கை 'வாடகைக்கு' விடும்போதும்

புது வண்டி வாங்கப் பழைய வண்டியை இணையத்தில் விற்பனைக்குப் போடுவோம். "நான் ராணுவத்தில் இருக்கேன், டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு, பேரமே வேண்டாம்" என்று ஒருவர் பேசுவார். அடையாள அட்டைப் படமும் அனுப்புவார். பிறகு ஒரு கியூஆர் கோடு வரும்: "இதை ஸ்கேன் பண்ணுங்க, பணம் உங்க அக்கவுண்டுக்கு வந்துடும்." ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். யூபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் போட்டால் பணம் போகிறது என்றுதான் அர்த்தம். தனிநபர்கள் ஒருவரிடம் ஒருவர் யூபிஐ வழியாகப் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் கியூஆர் கோடு இன்னும் இருக்கிறது, கவனம்.

இளைஞர்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். "உன் பேங்க் அக்கவுண்டை ஒரு மாசத்துக்குக் குடு தம்பி, அஞ்சாயிரம் தர்றேன்" என்று யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஏமாந்தவர்களின் பணம் முதலில் போய் விழுவது இப்படி வாங்கிய கணக்குகளில்தான். போலீஸ் தேடும்போது கணக்கில் இருப்பது உங்கள் பெயர், உங்கள் ஆதார். உங்கள் சம்பளக் கணக்கும் முடங்கலாம், வழக்கில் உங்கள் பெயரும் சேரலாம். ஐந்தாயிரத்துக்காக வேலையையும் எதிர்காலத்தையும் அடகு வைக்காதீர்கள்.

பணம் போய்விட்டால்?

இதுவரை நிதானம் பற்றிப் பேசினோம். இப்போது வேகம்.

பணம் போனது தெரிந்த அந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். "வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா திட்டுவாரு", "நாளைக்கு ஷிப்ட் முடிச்சுப் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு மணி நேரமும் அவர்களுக்குத்தான் லாபம். நம் பணம் முதல் கணக்கில் இருந்து இரண்டாவதுக்கும், அங்கிருந்து மூன்றாவதுக்கும் தாவி, கடைசியில் எங்கோ ஏடிஎம்மில் எடுக்கப்பட்டுவிடும். எடுப்பதற்கு முன் தகவல் போனால், வங்கி அதை அப்படியே நிறுத்தி வைக்க முடியும். நிறுத்தி வைத்த பணம் உரிய நடைமுறைப்படி உங்களுக்குத் திரும்பக் கிடைக்க வழி உண்டு. ஏமாற்றப்பட்டதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. படித்தவர்கள், பெரிய பதவியில் இருப்பவர்கள் எல்லோரும் இந்த வலையில் விழுந்திருக்கிறார்கள்.

1930-இல் பேசும்போது எந்த வங்கி, எவ்வளவு பணம், எந்தத் தேதி, எத்தனை மணி, பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்பார்கள். யூபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க எண் இருக்கும். வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரம், தளத்தின் முகவரி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கோபத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற தேசியத் தளத்திலும் புகாரைப் பதியலாம்.

கூடவே வங்கிக்கும் சொல்லிவிடுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-இல் வெளியிட்ட விதிப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாம் ஆளால் கணக்கில் இருந்து பணம் எடுக்கப்பட்டிருந்தால், வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு இல்லை. நாமே பின் நம்பரையோ ஓடிபியையோ கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்லும்வரை ஆகும் இழப்பு நம்முடையது. சொன்ன பிறகும் பணம் போனால் அது வங்கியின் பொறுப்பு. எப்படிப் பார்த்தாலும் சீக்கிரம் சொல்கிறவருக்கே நன்மை.

எல்லையில் வாழ்கிற நமக்கு ஒரு சந்தேகம் வரும். வீடு ஓசூரில், வேலை பொம்மசந்திராவில், பணம் போனது பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது, வங்கிக் கணக்கு பெங்களூருவில். எந்த ஸ்டேஷன்? 1930 நாடு முழுவதற்கும் ஒரே எண்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 173-ஆம் பிரிவின்படி, பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். "அது கர்நாடகா, எங்க லிமிட் இல்லை" என்ற பதிலோடு நீங்கள் திரும்பி வர வேண்டியதில்லை.

பணம் போன பிறகு, "போன பணத்தை மீட்டுத் தர்றோம், ஃபீஸ் மட்டும் கட்டுங்க" என்று இன்னொரு கூட்டம் வரும். அரசு இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. ஒரே பணத்துக்கு இரண்டு தடவை அழ வேண்டாம்.

மோசடி இல்லை, ஆனால் பொருள் மோசம்

நிஜமான நிறுவனமே உடைந்த பொருளை, வேறு பொருளை அனுப்பிவிட்டுத் திரும்ப வாங்க மறுத்தால், அது போலீஸ் விஷயம் இல்லை, நுகர்வோர் உரிமை. புகார் கொடுத்த 48 மணி நேரத்துக்குள் நிறுவனம் அதைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. தீர்க்கவில்லையா? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். தமிழ் உள்பட 17 மொழிகளில் உதவி கிடைக்கும். ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் வந்து நம்மோடு வேலை செய்கிறவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

அதற்கும் பலன் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நிறுவனத்தின் தலைமை அலுவலகம் பெங்களூருவில் இருந்தாலும், டெல்லியில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ வழக்குப் போடலாம் என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. வக்கீல் கட்டாயம் இல்லை. 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணமும் இல்லை. பிரச்சினை ஏற்பட்டதில் இருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். அதனால் பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

நிறைவாக ஒரு வேலை தருகிறேன். இதைப் படித்துக்கொண்டிருக்கும் போனிலேயே 1930, 1915 என்ற இரண்டு எண்களையும் பதிந்துகொள்ளுங்கள். அவசரத்தில் தேடினால் போலி எண் கையில் மாட்டும் என்று முன்பே பார்த்தோம். பிறகு உங்கள் அம்மா போனை வாங்கி அதிலும் பதியுங்கள். "அம்மா, யாராவது போன்ல பணம், ஓடிபின்னு கேட்டா, எனக்கு ஒரு போன் போட்டுட்டு அப்புறம் பேசு" என்று சொல்லிவிடுங்கள்.

நீங்கள் நைட் ஷிப்ட் பார்த்துச் சேர்த்த பணம் உங்கள் வீட்டுக்கே போய்ச் சேரட்டும். அனைவருக்கும் பண்டிகைக் கால வாழ்த்துகள்.